34 இஞ்ச் அல்ட்ராவைட் மானிட்டர் ரெண்டு தடவ வாங்கின கதை

என் சின்னம்மா பையன் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசர். பகல் முழுக்க எக்ஸெல், ராத்திரி பத்து மணிக்கு மேல யூரோ டிரக் சிமுலேட்டர்னு லாரி ஓட்டற கேம், சனிக்கிழமை ஆனா காலேஜ் பசங்களோட வேலரன்ட்னு சுடற கேம். வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை. 2025 ஜூன் மாசம் ஒரு நாள் போன் பண்ணி "ங்ணா, அல்ட்ராவைட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்"னு கேட்டான். அல்ட்ராவைட்னா சாதா மானிட்டரை விட அகலம் கூடின மானிட்டர். எங்க சொந்தத்துல கம்ப்யூட்டர்னாலே என்கிட்ட தான் வரும், கல்யாணத்துக்கு பிரிண்டர் ரிப்பேர் வரைக்கும். நானும் வழக்கம்போல "பார்த்து சொல்றேன்டா"ன்னுட்டு மறந்துட்டேன். அந்த "பார்த்து சொல்றேன்"க்கு அவன் குடுத்த விலை சுமாரா ஆறாயிரம் ரூபா. அதனால தான் இதை முழுசா எழுதி வச்சிரலாம்னு உக்காந்தேன்.

முதல்ல அவன்கிட்ட என்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன். 24 இஞ்ச் 1080 (1920×1080 பிக்ஸல்) மானிட்டர் ஒண்ணு, ஆறு வருஷம் பழசு. ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி. கம்பெனி குடுத்த லேப்டாப், அதுவும் கொஞ்சம் வயசானது தான். மேஜை நாலடிக்கு ரெண்டடி, செவுத்த ஒட்டி போட்டது, இடது கைப்பக்கம் மேக்க பார்த்த ஜன்னல், மூணு மணிக்கு மேல வெயில் நேரா உள்ள வரும். பட்ஜெட் 40 ஆயிரம்னு ஜூன்ல சொன்னான், ஆகஸ்ட்ல அது சுருங்கிருச்சு, அதுக்கு காரணம் திருப்பூர்ல எல்லாருக்கும் தெரியும், அமெரிக்காக்காரன் ஆகஸ்ட் 27ல இருந்து 50 சதவீத வரின்னு போட்டதும் பாதி ஆர்டர் என்ன ஆகும்னே தெரியாம எல்லாரும் கைய கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. போனஸ் வருமா வராதான்னு தெரியாத நேரத்துல எவன் எழுபதாயிரத்துக்கு மானிட்டர் பார்ப்பான்.

அல்ட்ராவைட் எதுக்குன்னு கேட்டா அவனோட டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) ஷீட்டை காட்டுவான். ஒரு ஆர்டருக்கு நூல் வாங்கற தேதில ஆரம்பிச்சு நிட்டிங், டையிங், லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துணி) அப்ரூவல், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங்னு கப்பல் ஏத்தற வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் பிளான் தேதி, நடந்த தேதின்னு ரெண்டு ரெண்டு காலம் (எக்ஸெல் நெடுவரிசை). ஐம்பது காலம் சாதாரணமா வந்துரும். பழைய 1080 மானிட்டர்ல எக்ஸெலை 100 சதவீதத்துல வச்சா டீஃபால்ட் அகல காலம் ஒண்ணு 64 பிக்ஸல், அப்ப மொத்தம் 29 காலம் தான் தெரியும், ஏசிங்கிற எழுத்தோட நின்னுரும். மீதிய பார்க்க சைடுல தள்ளிட்டே இருக்கணும், தள்ளினா இடது பக்கம் ஸ்டைல் நம்பர் மறைஞ்சு போகும், ஃப்ரீஸ் போட்டா பாதி ஸ்கிரீனை அதுவே தின்னுரும். ஜூம் 60 வச்சு கண்ணை சுருக்கிட்டே அஞ்சு வருஷம் ஓட்டிருக்கான்.

முதல் தடவ

ஆகஸ்ட் நடுவுல ஒரு ஆன்லைன் சேல். 34 இஞ்ச், 21:9 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்), ஐபிஎஸ் பேனல், 100 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தனை தடவ படம் மாறும்ங்கற கணக்கு), 23 ஆயிரம். என்கிட்ட கேக்காமயே தட்டிட்டான், கேட்டிருந்தா மட்டும் நான் எப்ப பதில் சொல்லிருப்பேன்னு வைங்க. பெட்டி வந்து பிரிச்சு மாட்டி போட்டோ அனுப்பினான், பார்க்க பிரமாதமா தான் இருந்துச்சு. மூணு நாள் கழிச்சு போன். "ங்ணா, எழுத்தெல்லாம் ஒரு மாதிரி புள்ளி புள்ளியா தெரியுது, பழசுலயே நல்லாருந்துச்சுங்ணா."

நான் கேட்ட முதல் கேள்வி ரெசல்யூஷன், அதாவது அகலத்துல உயரத்துல எத்தனை பிக்ஸல், என்னன்னு. 2560×1080. அங்கதான் மாட்டிக்கிட்டான்.

இந்த 2560×1080 எங்க இருந்து வந்துச்சுன்னா, 2012ல எல்ஜி முதல் 21:9 மானிட்டர் விட்டப்ப அது 29 இஞ்ச், அந்த சைஸுக்கு இந்த ரெசல்யூஷன் சரியா இருந்துச்சு, ஒரு இஞ்சுக்கு 96 பிக்ஸல் கிட்ட வரும். 2014ல 34 இஞ்ச் வந்தப்ப அதே எல்ஜி 3440×1440 போட்டு விட்டாங்க, இஞ்சுக்கு 110. ஆனா விலை குறைக்கணும்னு அந்த 29 இஞ்ச் சட்டைய 34 இஞ்ச் உடம்புக்கு இழுத்து மாட்டி விக்க ஆரம்பிச்சாங்க. அப்ப இஞ்சுக்கு 82 தான் வரும். அவனோட பழைய 24 இஞ்ச் 1080 எவ்வளவுன்னா 92. அதாவது 23 ஆயிரம் குடுத்து இருந்ததை விட மோசமான எழுத்தை வாங்கிட்டு வந்திருக்கான். எக்ஸெல்ல காலம் 29ல இருந்து 39 ஆச்சு, அது வாஸ்தவம், ஆனா உயரம் அதே 1080 தான், ஒரு வரி கூட கூடல.

பெட்டி மேல என்ன போட்டிருந்துச்சுன்னா அல்ட்ராவைட் ஃபுல் எச்டி. "ஃபுல் எச்டின்னா நல்லதுதானுங்ணா"ங்கறான். அவனை சொல்லி குத்தமில்ல. கடைக்காரங்க 34 இஞ்ச் அல்ட்ராவைட்னு பெருசா போட்டுட்டு ரெசல்யூஷனை எங்கயோ பதினோராவது வரில போடறாங்க. பெட்டில யூடபிள்யூ கியூஎச்டின்னு இருந்தா 1440, எஃப்எச்டின்னு எந்த ரூபத்துல இருந்தாலும் 1080, இதை மட்டும் ஞாபகம் வச்சிருந்தா போதும்.

திருப்பி குடுக்கலாம்னு பார்த்தா அந்த சைட்ல மானிட்டருக்கு ரீபண்ட் கிடையாது, பழுதா இருந்தா மாத்தி தருவோம் அவ்வளவுதான், இது பழுது இல்லையே. கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு பாவம் மூணு தடவ அதையே பொறுமையா சொல்லுச்சு. கடைசில அவங்க கம்பெனி அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒருத்தர் டேலிக்கு வேணும்னு 17 ஆயிரத்துக்கு எடுத்துக்கிட்டார். டேலிக்கு அது நல்லாவே இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றார், தள்ளி உக்காந்து பார்க்கறவருக்கு எழுத்து பெருசா தெரியறது சௌகரியம் தானே. ஒருத்தனுக்கு தப்பான மானிட்டர் இன்னொருத்தருக்கு சரியா போயிருச்சு.

அட்டை வெட்டினது

இதுக்கு மேல வெறும் போன்ல பேசினா வேலைக்கு ஆகாதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நானே திருப்பூர் போயிட்டேன். போறப்பவே அவன் மனசுல 49 இஞ்ச் ஓடிட்டு இருந்துச்சு, 5120×1440, ரெண்டு 27 இஞ்சை ஒட்டி வச்ச மாதிரி 32:9. பட்ஜெட்டே இல்ல, ஆனா ஆசைக்கு ஜிஎஸ்டி இல்லையே. யூடியூப்ல எவனோ அதுல டிரக் ஓட்டறதை பார்த்துட்டான்.

நான் சொன்னேன், டேய், உங்க கம்பெனில எக்ஸ்போர்ட் கார்ட்டன் கிடக்கும்ல, ரெண்டு எடுத்துட்டு வா. அஞ்சு பிளை அட்டை, கத்தில வெட்டவே கை வலிச்சுச்சு. ஒண்ணு 80 சென்டிமீட்டருக்கு 33, அதுதான் 34 இஞ்சோட அளவு. இன்னொண்ணு 120க்கு 34, அது 49. மேஜை மேல 49ஐ நிக்க வச்சதும் மேஜையே காணோம், நாலடின்னா 122 சென்டிமீட்டர் தான், ஸ்பீக்கர், ஸ்வாட்ச் (துணி சாம்பிள்) ஃபைல், டீ டம்ளர் எதுக்கும் இடமில்ல. ஒண்ணும் பேசாம அவனே எடுத்து பீரோ பின்னாடி சொருகிட்டான். இதை வாயால சொல்லிருந்தா ஒரு மணி நேரம் வாதாடிருப்பான்.

34ஐ நிக்க வச்சப்ப தான் அசல் சங்கதி தெரிஞ்சுது. உயரம் 33 தானே, அது ஒரு 27 இஞ்ச் மானிட்டரோட உயரம், அகலம் மட்டும் கூட. அது பிரச்சனை இல்ல. பிரச்சனை ஆழம். மேஜை ரெண்டடி ஆழம், 61 சென்டிமீட்டர். இந்த மானிட்டர் ஸ்டாண்டெல்லாம் கால் ரெண்டையும் அகட்டி வச்சிட்டு நிக்கும், ஸ்கிரீன் செவுத்துல இருந்து ஒரு சாண் முன்னாடி வந்துரும். அட்டைய அந்த இடத்துல பிடிச்சுட்டு அவனை உக்கார சொல்லி டேப் வச்சு அளந்தேன், கண்ணுல இருந்து அட்டை வரைக்கும் 52 சென்டிமீட்டர். ரெண்டு ஓரத்தையும் பார்க்க கழுத்தை திருப்பணும். எக்ஸெல்ல எட்டு மணி நேரம் அப்படி திருப்பிட்டே இருந்தா என்ன ஆகும்.

மானிட்டர் ஆர்ம், அதாவது மேஜைல மாட்டி மானிட்டரை தாங்கற மடங்கற கை, போடலாம்னு சொன்னான். ஆர்ம்ல ஒரு விஷயம் பலபேர் யோசிக்க மாட்டாங்க, ஸ்கிரீனை பின்னாடி தள்ளணும்னா ஆர்மோட முட்டி பின்பக்கமா மடங்கணும், செவுரு ஒட்டி இருந்தா மடங்க இடமில்ல, அப்பறம் மேஜைய முன்னாடி இழுக்கணும், இழுத்தா சேருக்கு பின்னாடி கட்டில் இடிக்குது. செவுத்துலயே அடிக்கலாம்னா வாடகை வீடு. கடைசில அவன் தான் வழி கண்டுபிடிச்சான், கம்பெனில உடைச்சு போட்ட பழைய கட்டிங் டேபிள் பலகை ஒண்ணு இருந்துச்சு, ஆசாரிய கூப்ட்டு எட்டு இஞ்ச் அகலத்துக்கு அறுத்து மேஜைக்கு பின்னாடி இரும்பு பட்டை குடுத்து சேர்த்துட்டாங்க. கூலி 600 ரூபா. கண்ணுக்கும் அட்டைக்கும் நடுவுல இப்ப 72 சென்டிமீட்டர். இந்த மொத்த கதைலயும் உருப்படியான 600 ரூபா இதுதான்னு நான் நினைக்கறேன்.

ஐபிஎஸ், விஏ, ஓலெட்

இது மூணும் ஸ்கிரீன் பேனல் வகைங்க, எது வாங்கறதுங்கறதுல தான் நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினோம். அவனுக்கு ஓலெட் மேல ஒரு கண்ணு. 2022ல டெல் ஏலியன்வேர்ல 34 இஞ்ச் க்யூடி-ஓலெட் (ஓலெட்லயே ஒரு வகை) விட்டதுல இருந்து எல்லா ரிவ்யூலயும் அதையே தான் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க, கேமுக்கு நிஜமாவே அதுக்கு மேல கிடையாது, கருப்புன்னா கருப்பு, வேகமும் அப்படி. ஆனா இவன் பகல்ல என்ன பண்றான்? எக்ஸெல். மேல அதே பச்சை பட்டை, கீழ அதே டாஸ்க்பார், நடுவுல அதே கோடுங்க, தினம் எட்டு மணி நேரம், அசையாம. ஓலெட்டுக்கு அதைவிட எமன் வேற கிடையாது, நாளடைவுல அந்த கோடெல்லாம் தடமா பதிய ஆரம்பிக்கும். இன்னொண்ணு, ஆரம்பத்துல வந்த க்யூடி-ஓலெட் பேனல்கள்ல சிவப்பு பச்சை நீலம் மூணும் வரிசையா இல்லாம முக்கோணமா இருக்கும், அதனால கருப்பு எழுத்தோட ஓரத்துல லேசா பச்சையும் ரோஸும் அடிக்கும். படம் பார்க்கறவனுக்கு தெரியாது, நாள் பூரா ஏழாம் நம்பரையும் ஒண்ணாம் நம்பரையும் பிரிச்சு பார்க்கறவனுக்கு தெரியும். அதுக்கு மேல அந்த மேக்க ஜன்னல். க்யூடி-ஓலெட்ல வெளிச்சம் விழுந்தா கருப்பு ஒரு மாதிரி கத்திரிப்பூ சாம்பல் நிறத்துக்கு போயிரும், மூணு மணிக்கு மேல அவன் ரூம்ல அதுதான் நடக்கும். விலைய நான் பேசவே இல்ல, பேசவும் தேவைப்படல.

அப்ப ஐபிஎஸ்ஸா விஏவா. ஐபிஎஸ்ல கலர் நேர்மையா இருக்கும், எந்த பக்கம் இருந்து பார்த்தாலும் மாறாது, கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சுமாரா 1000:1. விஏல 3000:1 வரும், இருட்டு ரூம்ல கருப்பு நல்லா கருப்பா இருக்கும், ஆனா இருட்டு கலர்ல இருந்து இன்னொரு இருட்டு கலருக்கு மாற நேரம் எடுக்கும், அதனால ராத்திரி காட்சில நகர்ற பொருள் பின்னாடி மை இழுத்த மாதிரி ஒரு கறை வரும். "நான் கார்மென்ட்ஸ்ல இருக்கேன்ங்ணா, கலர் முக்கியம்ல"ன்னான். நான் விடல. ஏன்டா, நீ என்னிக்காவது லேப் டிப்பை மானிட்டர்ல பார்த்து அப்ரூவ் பண்ணிருக்கியா? சிரிச்சுட்டான். துணிய லைட் பாக்ஸ்ல வச்சு டி65ங்கற பகல் வெளிச்ச லைட்ல ஒரு தடவ, டிஎல்84ங்கற கடை லைட்ல ஒரு தடவ பார்த்து, ஒரு துண்டை கூரியர்ல பையருக்கு அனுப்பி, அவன் ஓகேன்னு சொன்னா தான் டையிங்கே போகும். ஸ்கிரீன்ல பார்த்து ஷேடு முடிவு பண்ற மெர்ச்சன்டைசரை அந்த ஊர்ல வேலைக்கே வச்சுக்க மாட்டாங்க. டெக் பேக்ல (டிரெஸ்ஸோட டிசைன் விவர ஃபைல்) இருக்கற படம் ஓரளவு சரியா தெரிஞ்சா போதும்.

அப்ப மிச்சம் இருக்கறது கேம். அங்க தான் விஏ ஜெயிச்சுது, அதுவும் எதிர்பார்க்காத வழில. வேலரன்ட் அல்ட்ராவைட்ல முழு அகலத்துக்கும் விளையாட விடாது. எல்லாருக்கும் ஒரே அளவு காட்சி தெரியணும்னு சாதா மானிட்டரோட 16:9க்கு மேல காட்ட மாட்டாங்க, ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை வரும், இல்லன்னா ஃபில்ங்கற செட்டிங் போட்டா ஆளெல்லாம் குண்டாயிருவாங்க. எல்டன் ரிங்கும் அப்படித்தான், பிசிலயே ரெண்டு பக்கமும் கருப்பு, 60 ஃப்ரேமுக்கு மேல போகாது. யூடியூப் வீடியோல பாதிக்கு மேல இதே கதை. 3440ல 16:9 படம் வச்சா ஒவ்வொரு பக்கமும் 440 பிக்ஸல் சும்மா கிடக்கும். லைட்டை அணைச்சுட்டு விளையாடறவனுக்கு ஐபிஎஸ்ல அந்த பட்டை கருப்பா இருக்காது, சாம்பலா மினுங்கிட்டே இருக்கும், கண்ணு அங்கேயே போகும். விஏல அது இருக்கறதே தெரியாது. அந்த கறை இழுக்கற பிரச்சனைய சகிச்சுக்கறேன்னு அவனே சொல்லிட்டான், சனிக்கிழமை மட்டும் தானே சுடறோம், மத்த நாள் லாரி தான ஓட்டறோம்னு.

கடைசில முடிவு பண்ணினது 3440×1440 விஏ மாடல், வளைவு 1500ஆர். அப்படின்னா 1500 மில்லிமீட்டர் ஆரம் உள்ள வட்டத்துல ஒரு துண்டு, அவ்வளவுதான். விஏ பேனலை சைடுல இருந்து பார்த்தா கொஞ்சம் வெளுக்கும், இவ்வளவு அகலமான ஸ்கிரீன்ல நேரா உக்காந்தாலே ரெண்டு ஓரமும் சைடு தான், வளைவு இருந்தா அந்த ஓரம் நம்ம பக்கம் திரும்பும். எக்ஸெல்ல கோடு வளைஞ்சு தெரியுமான்னு கேட்டான். ரெண்டு நாள் தெரியும், அப்பறம் தெரியாது. 1000ஆர் ஒண்ணு கடைல பார்த்தோம், எனக்கு பாத்திரத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்துச்சு.

யூஎஸ்பி-சி, அப்பறம் பஸ்

லேப்டாப்பும் பிசியும் ஒரே மானிட்டர்ல வேணும்கறதால யூஎஸ்பி-சி இருக்கற மாடல் தான் வேணும்னு நினைச்சிருந்தான், ஒரே ஒயர்ல படமும் வரும் சார்ஜும் ஏறும். அதுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் கூட. வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப்பை திருப்பி அந்த ஓட்டை பக்கத்துல என்ன குறி இருக்குன்னு பார்க்க சொன்னேன். டிஸ்ப்ளேபோர்ட் குறியோ மின்னல் குறியோ எதுவும் இல்ல, வெறும் யூஎஸ்பி சூலம் மட்டும். சந்தேகத்துக்கு பக்கத்து வீட்டு தம்பிகிட்ட ஒரு சி-டு-எச்டிஎம்ஐ ஒயர் வாங்கி டிவில சொருகி பார்த்தோம், சத்தமே இல்ல. அந்த ஓட்டை டேட்டாவுக்கு மட்டும். பத்தாயிரம் அங்கயே மிச்சம்.

வாங்கினது அக்டோபர்ல, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி. அதுவரைக்கும் இழுத்ததுல ஒரு நன்மை நடந்துச்சு. முன்ன 32 இஞ்ச் வரைக்கும் மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல போனா 28. அதாவது 34 இஞ்ச் வாங்கறவன் ரெண்டு இஞ்சுக்காக பத்து சதவீதம் தண்டம் கட்டிட்டு இருந்தான். 2025 செப்டம்பர் 22ல இருந்து எல்லாமே 18. ஆகஸ்ட்ல கோயம்புத்தூர் கடைல 36 ஆயிரம்னு சொன்ன அதே மாடல் அக்டோபர்ல 33 ஆயிரத்து சொச்சம். ஆன்லைன் வேண்டாம், கடைல மாட்டி காட்டினா தான் பணம்னு இந்த தடவ அவனே உறுதியா இருந்தான். சூடு கண்ட பூனை.

கடைக்கு வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு அஞ்சு முழு ஸ்கிரீன் படத்தை ஒரு பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு போயிருந்தோம், செத்த பிக்ஸல் இருக்கான்னு பார்க்க. கடைப்பையன் கொஞ்சம் முறைச்சான், ஓனர் "பார்க்கட்டும் விடுறா, நாளைக்கு வந்து நிக்கறதுக்கு இது மேல்"னார். சுத்தமா இருந்துச்சு.

பெட்டிய தூக்கிட்டு காந்திபுரத்துல திருப்பூர் பஸ் ஏறினோம். ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கு, படுக்க போடக்கூடாது, நிமித்தி தான் வைக்கணும், பேனல் மேல எடை விழக்கூடாது. கண்டக்டர் வந்து பார்த்துட்டு, "என்னுங் தம்பி இது, டிவிங்களா?" "இல்லைங்ணா, கம்ப்யூட்டர்." "எதுவா இருந்தா என்னுங், ஒரு சீட்டை அடைச்சிருக்குதில்ல, லக்கேஜ் போட்ருங்." போட்டோம். அவிநாசி வரைக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுட்டே வந்தோம், பொண்ணு பார்க்க போறப்ப பூத்தட்டு பிடிச்ச மாதிரி.

மாட்டின பிறகு

முதல் வாரம் அவன் போன்ல சொன்னது, "நல்லாருக்குங்ணா, ஆனா 165 ஹெர்ட்ஸ்னு பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியல." நேர்ல போனப்ப விண்டோஸ் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே திறந்து பார்த்தா 60ல நிக்குது. ஒரு வாரமா 60ல தான் ஓட்டிருக்கான்! மாத்தலாம்னு பார்த்தா லிஸ்ட்ல 100 வரைக்கும் தான் காட்டுது. பெட்டில வந்த எச்டிஎம்ஐ ஒயரை அப்படியே சொருகிருக்கான், இந்த மானிட்டர்ல இருக்கற எச்டிஎம்ஐ 2.0, அதுல 3440×1440க்கு 100க்கு மேல போகாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ஒயர் ஒண்ணு வாங்கி மாட்டினதும் 165 வந்துச்சு. மவுஸை ஒரு சுத்து சுத்திட்டு என்னை பார்த்தான் பாருங்க ஒரு பார்வை, அந்த ஒரு வாரத்தை யார்கிட்ட கேக்கறதுன்னு.

லேப்டாப் இன்னும் மோசம். அதுல இருக்கறது எச்டிஎம்ஐ 1.4, 3440×1440ல 50 ஹெர்ட்ஸ் தான் குடுக்குது. மவுஸ் லேசா வழுக்கற மாதிரி இருக்கும். எக்ஸெல்லுக்கு போதும்னு விட்டுட்டோம், கம்பெனி என்னிக்காவது லேப்டாப் மாத்துவான்ல. கீபோர்டு மவுஸுக்கு ஒரு சின்ன யூஎஸ்பி ஸ்விட்ச், ஒரு பட்டன்ல லேப்டாப்பு, இன்னொரு அமுக்குல பிசி.

எக்ஸெல்ல இப்ப 53 காலம் தெரியுது, பிஏ வரைக்கும். டி அண்ட் ஏ ஷீட் 100 சதவீத ஜூம்ல முழுசா ஒரே பார்வைல. கீழயும் 18 வரி கூட. முதல் நாள் அதை பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம ஒரு நிமிஷம் உக்காந்திருந்தான், டிரக் கேம் போட்டப்ப கூட அவ்வளவு சந்தோஷம் அந்த மூஞ்சில நான் பார்க்கல. மத்த நேரத்துல ஸ்கிரீனை மூணா பிரிச்சுக்கறான், நடுவுல பெருசா எக்ஸெல், இடது பக்கம் மெயில், வலது பக்கம் வாட்ஸ்அப், டையிங் யூனிட்காரங்க எல்லாம் வாட்ஸ்அப்ல தான் பேசுவாங்க. விண்டோஸ் 11லயே அந்த மூணு காலம் லேஅவுட் இருக்கு, மவுஸை மேக்ஸிமைஸ் பட்டன் மேல வச்சா வரும்.

ஒரு கூத்து நடந்துச்சு, டீம்ஸ் மீட்டிங்ல முழு ஸ்கிரீனை ஷேர் பண்ணிட்டான். ஜெர்மனில இருக்கற பையர் அம்மா சின்ன லேப்டாப்ல பார்க்கறாங்க போல, அவங்களுக்கு நடுவுல ஒரு ரிப்பன் மாதிரி தெரிஞ்சிருக்கு, ஒரு எழுத்தும் படிக்க முடியல. போதாததுக்கு வலது ஓரத்துல வாட்ஸ்அப் திறந்து கிடந்துச்சு, நல்லவேளை தமிழ்ல தான் திட்டிருந்தாங்க. இப்ப விண்டோ மட்டும் தான் ஷேர், அதையும் பாதி அளவுக்கு சுருக்கிட்டு.

டிரக் கேம் பத்தி சொல்லியே ஆகணும். 16:9ல உக்காந்தா இடது கண்ணாடி அரைகுறையா தெரியும், வலது கண்ணாடி தெரியவே தெரியாது, எஃப்2 அமுக்கி மூலைல கண்ணாடிய கொண்டு வரணும். இப்ப ரெண்டு பக்கமும் கண்ணாடி நிஜமாவே தெரியுது, டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் கண்ணை ஓட்டினா போதும். கேம்ல அகலம்ங்கறது அழகுக்கு இல்லாம வேலைக்கு ஆகற ஒரே இடம் இந்த மாதிரி ஓட்டற கேம் தான்னு எனக்கு தோணுது. 3060க்கு சுமை கூடிருக்கு, 1080ல 20.7 லட்சம் பிக்ஸல் வரைஞ்சுட்டு இருந்தது இப்ப 49.5 லட்சம், ரெண்டரை மடங்கு கிட்ட. டிரக் கேம்ல ஸ்கேலிங்கை இறக்கி, நிழலை ஒரு படி குறைச்சு சமாளிக்கறான். சைபர்பங்க் மாதிரி கேம்ல டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு பெருசாக்கி காட்டற என்விடியா வசதி) இல்லாம பேச்சே இல்ல. இதுக்கே இப்படின்னா 4கேல 83 லட்சம், அந்த கார்டு அழுதிருக்கும்.

குறைன்னா ரெண்டு. ராத்திரில ஆல்ப்ஸ் ரோட்டுல ஓட்டறப்ப மரமெல்லாம் கருப்பா ஒரு வால் விட்டுட்டு போகும், ஓவர்டிரைவை (பிக்ஸல் மாறற வேகத்தை கூட்டற செட்டிங்) கூட்டினா வால் போயி வெளுத்த நிழல் வருது, நடுவுல வச்சிருக்கான். இன்னொண்ணு அடாப்டிவ் சிங்க் (கேமோட ஃப்ரேம் வேகத்துக்கு ஏத்த மாதிரி மானிட்டர் வேகத்தை மாத்தறது) போட்டா லோடிங் ஸ்கிரீன்ல ஃப்ரேம் ஏறி இறங்கறப்ப வெளிச்சம் துடிக்கும், விஏ பேனல்ல இது சகஜம். என்விடியா கார்டுல 2019ல இருந்து இந்த மாதிரி சாதா மானிட்டர்லயும் சிங்க் போட விடறாங்கங்கறதால போட்டு தான் வச்சிருக்கான், துடிக்கறப்ப மட்டும் ரெண்டு வார்த்தை திட்டுவான்.

சின்னம்மா ஒரு நாள் அதுல யூடியூப்ல சீரியல் பார்த்துட்டு, "ஏன்டா, இவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கற, ரெண்டு பக்கமும் கருப்பா கிடக்குது, பாதி வேலை செய்யலையா?"ன்னு கேட்டாங்க. அவன் 21:9, 16:9னு விளக்க ஆரம்பிச்சான், பாதிலயே எந்திரிச்சு போயிட்டாங்க. பீரோ பின்னாடி சொருகின அந்த 49 இஞ்ச் அட்டைய அவங்க தான் எடுத்தாங்க. இப்ப அது மொட்டை மாடில, மேல ஒரு பழைய வேட்டிய விரிச்சு மொளகா காயப்போட்டிருக்காங்க, அளவு சரியா இருக்குதாம்.